நாவலர் இட்ட புள்ளிகள்

ஆங்கிலம் கற்கும் மாணாக்கர் ஆசிரியரை ஓயாது கேட்கும் வினாக்கள் சில உள. காற்புள்ளி எங்கே இடுவது? அரைப்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் வேறுபாடு யாது? எழுவாய் பன்மையாயின் பயனிலை எவ்வாறு முடியும்? தமிழ் கற்போர் கேட்பனவும் இவற்றை ஒத்தனவே. வல்லெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது? நீண்டு செல்லும் வாக்கியத்தை எவ்விடத்தில் நிறுத்துவது? பெரும்புலவர் பலர் இத்தகைய வினாக்களைச் சிறுபிள்ளை வினாக்களென்று ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்காது, அவற்றுக்கு விடை காண்பதைத் தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட பேரறிஞர் ஒருவர் ஈழநாட்டிலே வாழ்ந்தார். அவரே யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர்.

நாவலரவர்களைச் சைவங் காத்தவரென்று பலர் போற்றுவர். பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவரென்று புலவர் போற்றுவர். கண்டனம் எழுதுவதில் நிகரில்லாதவரென்று வேறு சிலர் கூறுவர். இவையெல்லாம் உண்மையே. எனினும், பள்ளிக்கூடத்து மாணாக்கன் ஒருவன் புத்தகத்தை விரித்து, பக்கத்தில் ஆசிரியரில்லாமலே பொருளுணர்ந்து படிக்க முடிகின்றதே, அந்த எளிமைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்த வழியாக அவர் வாழ்வை இங்கே காண்போம்.

இளமையும் கல்வியும்

1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய மகனாராக அவர் தோன்றினார். தந்தையார் தமிழ்ப் புலமை வாய்ந்தவர், நாடகங்கள் இயற்றியவர். மகனுக்கு ஒன்பது வயதாயிருக்கையில் அவர் காலமானார். அவர் முடிக்காது விட்ட நாடகமொன்றை அச்சிறுவரே பாடி முடித்தாரென்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். தமையன்மார் அவரை இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் சேர்த்தனர். அவ்விருவரிடத்தும் இலக்கண இலக்கியங்களைப் பழைய முறையிலே, ஏடு கையிற் கொண்டு, ஆசிரியர் வாய்மொழி கேட்டு, அவர் கற்றார்.

இதற்கிடையில் யாழ்ப்பாண நகரில் வெசிலியன் மிஷனார் நடத்திய ஆங்கிலப் பாடசாலையிலும் அவர் சேர்ந்தார். பிற்காலத்தில் மத்திய கல்லூரியென வழங்கப்பெற்ற பாடசாலை அதுவே. அதன் தலைவராயிருந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் இவருடைய கூர்மதியைக் கண்டு, 1841 ஆம் ஆண்டளவில் அங்கேயே இவரை ஆசிரியராக்கினார். மேல் வகுப்பு மாணாக்கருக்குத் தமிழும் கீழ் வகுப்பு மாணாக்கருக்கு ஆங்கிலமும் கற்பிப்பது இவருடைய கடமையாயிற்று.

இந்தச் செய்தியைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தமிழை உயர்ந்த நிலையிலும் ஆங்கிலத்தைத் தொடக்க நிலையிலும் ஒரே பள்ளியில், ஒரே காலத்தில், இருபது வயதை அடுத்த ஓர் இளைஞர் கற்பித்தார். தாய்மொழியல்லாத மொழியைத் தொடக்க மாணாக்கனுக்குக் கற்பிப்பவன், அம்மாணாக்கன் எங்கெங்கே இடறி விழுவானென்பதை நாள்தோறும் காண்பான். காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலியன கற்போனுக்கு எத்துணை உதவுகின்றன என்பதை நேரிலே அறிவான். மேல் வகுப்பிற்குச் சென்று தமிழ் உரைநூலை விரித்தபோது அவ்வுதவிகள் அங்கே இல்லாமையும் அவனுக்குப் புலனாகும். நாவலரவர்களின் பிற்காலப் பணிக்கு வேர் இங்கேதான் ஊன்றிற்று என்று கருதுதல் பொருந்தும்.

ஏட்டின் இயல்பு

அக்காலத்துத் தமிழ் ஏடு எவ்வாறிருந்தது என்பதை இக்காலத்து மாணாக்கர் அறிதல் நன்று. ஓலையில் எழுத்தாணியாற் கீறும்போது புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆதலால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. அந்த வேறுபாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே ஒழுங்குபடுத்தியவர் வீரமாமுனிவர். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை; வாக்கியம் முடிந்ததற்கு அடையாளமும் இல்லை. செய்யுளும் உரையும் ஒரே வரிசையாக ஓடும்.

இதனாற் பொருள் மயங்காதோவெனின், மயங்கும். இலக்கண உரையாசிரியர் இதற்குக் காட்டும் உதாரணங்கள் புகழ் பெற்றவை. குன்றேறாமா என்பதைக் குன்று, ஏறு, ஆமா என்று பிரித்தால் மலையில் ஏறுகின்ற காட்டுப்பசு. குன்று, ஏறா, மா என்று பிரித்தால் மலையில் ஏறாத விலங்கு. செம்பொன்பதின்றொடி என்பது செம்பொன் பத்துத் தொடி நிறையும் ஆகும். செம்பு ஒன்பது தொடி நிறையும் ஆகும். கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் இது சிறிய வேறுபாடன்று! இத்தகைய தொடர்கள் எழுத்தில் ஒன்றாயிருப்பினும் ஒலிக்கும் முறையால் வேறுபடுமென்று தொல்காப்பியர் விதித்தார். அவ்விதி, அருகிலிருந்து வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் உளர் என்பதை அடிப்படையாகக் கொண்டது. குரு சொல்ல மாணாக்கன் கேட்கும் கல்வியில் அது போதும்.

அச்சியந்திரம் வந்தபின் நிலைமை மாறிற்று. 1578 ஆம் ஆண்டிலே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறிய காலந்தொட்டுத் தமிழ் அச்சு நூல்கள் தோன்றினவாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் அவை பெருகின. அச்சிட்ட நூல் ஆசிரியரை உடன் கொண்டு செல்வதில்லை. அது சிலாபத்துக்கும் செல்லும், சிங்கப்பூருக்கும் செல்லும். வாங்கியவன் தனியே இருந்து படிப்பான். அவனுக்கு யார் நிறுத்தி ஒலித்துக் காட்டுவார்? அந்த ஆசிரியருடைய குரலின் இடத்தைத் தாளின்மேல் நிரப்ப வந்தவையே நிறுத்தக்குறிகள்.

இது தமிழுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. கிரேக்கரும் உரோமரும் சொல்லிடைவெளியின்றியே பெரும்பாலும் எழுதினர். அலெக்சாந்திரியாவிலே நூலகத் தலைவராயிருந்த பைசாந்தியத்து அரிஸ்தோபானீசு, கிறிஸ்துவுக்கு முன் 200 ஆம் ஆண்டளவில், வாசிப்போர் நிறுத்துமிடங்களைக் காட்ட மேலும் நடுவும் கீழுமாகப் புள்ளி இடும் முறையை வகுத்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே வெனிசு நகரத்து அச்சாளர் அல்தூசு மனூசியசு காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் இன்று நாம் காணும் வடிவுக்கு அணிமையாக்கினார். நூல் கற்றோர் கையினின்றும் கற்போர் கைக்கு மாறும் காலங்களிலேதான் இக்குறிகள் வளர்ந்தன.

விவிலிய மொழிபெயர்ப்பு

பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணியை மேற்கொண்டபோது ஆறுமுகம் என்னும் அந்த இளைஞரையே துணையாகக் கொண்டார். பல ஆண்டுகள் இருவரும் அதில் உழைத்தனர். 1848 ஆம் ஆண்டில் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு சென்னை சென்றனர். அங்கே மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு நன்றென்றாரென்பர். அம்மொழிபெயர்ப்பு 1850 ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது.

ஒரு மொழியின் வாக்கியத்தை மற்றொரு மொழியிற் பெயர்ப்பவன் இரண்டின் எலும்பமைப்பையும் காண்பான். ஆங்கில வாக்கியத்திலே வினை எழுவாயை அடுத்து விரைவில் வந்துவிடும். தமிழிலே வினைமுற்று இறுதியில் நிற்கும். அதற்குமுன் வினையெச்சமும் பெயரெச்சமும் அடுக்கடுக்காக வரும். எனவே வாக்கியம் எங்கே முடிந்தது என்பது தமிழிலே முற்றுவினையால் ஒருவாறு தானே தெரியும். நடுவிலே எந்த எச்சம் எந்தச் சொல்லைக் கொண்டு முடிகின்றது என்பதே தெரிவதரிது. நேற்று வந்த ஆசிரியருடைய மாணாக்கன் என்றால், வந்தவர் ஆசிரியரா, மாணாக்கனா? வந்த என்பதன்பின் ஒரு காற்புள்ளி இட்டால் வந்தவன் மாணாக்கனென்பது தெளிவாகும். இடாவிடின் ஆசிரியரென்றே கொள்ளத் தோன்றும்.

ஆங்கிலத்தின் விதிகள் அத்தனையும் தமிழுக்கு வேண்டியனவும் அல்ல. சாத்தனும் கொற்றனும் பூதனும் வந்தார்கள் என்று எண்ணும்மை கொடுத்து எழுதும்போது உம்மையே பிரித்துக் காட்டும், புள்ளி தேவையன்று. உம்மையை விடுத்துச் சாத்தன், கொற்றன், பூதன் என்போர் வந்தனர் என்று எழுதினாற் புள்ளி வேண்டும். வந்தானா என்பதில் ஆகாரமே வினாவை உணர்த்தும். பிறர் கூற்று முடிந்ததை என்று என்னும் சொல்லே காட்டும். ஆகவே ஒரு மொழியின் குறியை மற்றொரு மொழி கொள்ளும்போது, எது வேண்டும், எது வேண்டா என்று பகுத்தறியும் ஆற்றல் வேண்டும். அது இலக்கணம் வல்லார்க்கே இயலும்.

வேலையை விடுத்தமை

மிஷன் பாடசாலையிலே மதிப்பும் சம்பளமும் இருந்தன. எனினும், சைவ சமயத்தவர் தம் பிள்ளைகளைக் கல்விக்காகப் பிற சமயப் பள்ளிகளுக்கு அனுப்பி, அதனாலே சமயத்தையும் இழக்கின்றனர் என்று அவர் உள்ளம் வருந்தியது. 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே முதன் முதலாகச் சைவப் பிரசங்கஞ் செய்தார். 1848 ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டிலேயே மிஷன் வேலையைத் துறந்தார். பேர்சிவல் பாதிரியார் தடுத்தும் அவர் நின்றாரல்லர். மணஞ்செய்யாது, வருவாய் நோக்காது, கல்விக்கும் சமயத்துக்குமே தம்மை ஒப்புவித்தார்.

இங்கே ஒன்று குறிப்பிடத்தக்கது. மிஷனாருடைய சமயத்தை எதிர்த்தவர் அவர்களிடங் கண்ட நல்ல முறைகளை எதிர்க்கவில்லை. வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பித்தல், படிமுறையாகப் பாடநூல் அமைத்தல், வினாவிடையாகப் பொருள் உணர்த்துதல், நிறுத்தக்குறி இட்டு அச்சிடுதல் ஆகிய யாவற்றையும் எடுத்துக்கொண்டார். மாற்றார் கையிலிருந்த படைக்கலம் என்று அவற்றை வெறுத்திருந்தால் இழப்பு அவருக்கன்று, தமிழ்ப் பிள்ளைகளுக்கே.

அச்சுக்கூடமும் பாடநூலும்

பள்ளிக்கு நூல் வேண்டும். நூலுக்கு அச்சு வேண்டும். 1849 ஆம் ஆண்டிலே மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்திலே பிரசங்கஞ் செய்து நாவலர் என்னும் பட்டம் பெற்றார். சென்னையிலே அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அதுவே வித்தியாநுபாலன யந்திரசாலை.

அங்கிருந்து வெளிவந்த பாலபாடங்கள் தமிழ்க் கல்வியிலே ஒரு புதுவழி. முதற் புத்தகத்திலே சிறு வாக்கியங்கள். மேலே செல்லச் செல்ல வாக்கியமும் பொருளும் வளரும். பிள்ளையின் மூச்சுக்கேற்ற அளவில் வாக்கியத்தை அமைக்கவேண்டுமென்பதை இவர் உணர்ந்திருந்தார். 1851 ஆம் ஆண்டில் நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்தார். 1852 ஆம் ஆண்டில் பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டார். செய்யுளே இலக்கியமென்றும் வசனம் இழிந்ததென்றும் எண்ணிய காலத்திலே அது துணிவான செயல். அவ்வசன நூலை விரித்துப் பார்ப்போர், ஊரும் பேரும் செயலுமாக அடுக்கி வரும் நீண்ட வாக்கியங்களிலே கூறு முடியுந்தோறும் காற்புள்ளி நின்று வழிகாட்டுவதைக் காண்பர். நீளம் இருப்பினும் மயக்கம் இராது. பிற்காலத்துப் பரிதிமாற் கலைஞர் அவருடைய வசன நடையின் வன்மையைச் சிறப்பித்துப் பேசியது இதனாலேயே.

தமிழிலே நிறுத்தக்குறி இட்டவர் நாவலர் ஒருவரே என்று சிலர் கூறுவது மிகை. மிஷனாருடைய நூல்களில் அவருக்கு முன்னும் குறிகள் வந்துள்ளன. ஆனால் அவற்றைத் தமிழுக்கு அயலானவையென்று கற்றோர் ஒதுக்குவது எளிதாயிருந்தது. நன்னூலையும் சேனாவரையத்தையும் கரைத்துக் குடித்த ஒருவர் தம் கையால் அவற்றை இட்டபோது ஒதுக்குவார் இலராயினர். குறிகளைத் தமிழ்ப் புலமையின் உள்வீட்டுக்கு அழைத்து வந்த பெருமை அவருக்கே உரியது.

வினாவுக்கு விடை

இலக்கணத்தைப் பொறுத்தமட்டிலே அவருடைய பெருங்கொடை இலக்கணச் சுருக்கமும் இலக்கண வினாவிடையும் ஆம். நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்து, உரையைக் கேட்டு, பல ஆண்டு சென்றபின் இலக்கணம் விளங்கும் என்பது பழைய வழக்கு. நாவலர் இலக்கணச் சுருக்கத்தைச் சூத்திரமின்றி எளிய வசனத்திலே அமைத்தார். எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், தொடர்மொழியதிகாரம் என அதனை வகுத்தார். சொல்லோடு நில்லாது, சொற்கள் தொடர்ந்து வாக்கியமாகும் முறையைத் தனி அதிகாரமாக்கியது கவனிக்கத்தக்கது. பகுதிதோறும் தேர்வு வினாக்களையும் சேர்த்தார். மாணாக்கன் தான் அறிந்ததும் அறியாததும் தானே சோதித்துக்கொள்ள அவை உதவின.

வினாவிடை முறையிலே ஓர் ஆழம் உண்டு. விடையைச் சொல்பவனுக்கு நூலறிவு போதும். வினாவை அமைப்பவனுக்கோ மாணாக்கனுடைய மனம் தெரிதல் வேண்டும். வேலை கொடு, வேலைக் கொடு என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முன்னதில் ஒருவன் தொழில் கேட்கின்றான். பின்னதில் வேல் என்னும் படைக்கலத்தைக் கேட்கின்றான். ஐயுருபு வெளிப்பட்ட பின்னதில் வல்லெழுத்து மிகும்; தொக்கு நின்ற முன்னதில் மிகாது. ஒரு ககர மெய்யினாலே தொழிலாளி போர்வீரனாகிவிடுகின்றான்! எப்போது மிகும் என்று கேட்கும் மாணாக்கன் வீண்வினா கேட்கவில்லை, பொருளையே கேட்கின்றான். இதனை உணர்ந்த ஆசிரியரே அவனைச் சினவாது விடை சொல்வார்.

பிற்காலம்

அவருடைய ஏனைய பணிகளைச் சுருங்கக் கூறுவோம். திருக்குறட் பரிமேலழகருரை, திருக்கோவையாருரை முதலியவற்றைப் பதிப்பித்தார். 1864 ஆம் ஆண்டிலே சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1868 ஆம் ஆண்டில் வெளிவந்த தொல்காப்பியச் சேனாவரையப் பதிப்பை ஆராய்ந்து திருத்தி உதவினார். 1872 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருட்குறைவினால் அது சில ஆண்டுகளே நடந்தது. ஆங்கிலத்தை அவர் வெறுத்தாரென்று எண்ணுவோர் இச்செய்தியை நினைவிற்கொள்க. பஞ்சம் வந்த 1877 ஆம் ஆண்டிலே கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். 1879 ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவாவதற்குத் துணைநின்றார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5 ஆந் தேதி உடல் நீத்தார்.

சாதியாசாரத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்துக்களை இக்காலத்தார் ஏற்பதில்லை, ஏற்கவேண்டுவதும் இல்லை. இராமலிங்க வள்ளலாரோடு நிகழ்ந்த அருட்பா வாதத்திலும் அவர் சொற்கள் கடுமையாயிருந்தன. இவற்றை மறைத்து ஒருவர் சரித்திரத்தை எழுதுதல் முறையன்று. ஆனால் அவர் வைத்த பாடநூல் எல்லார் கையிலும் சென்றது. அவர் இட்ட புள்ளி, படிப்பவன் யாரென்று பார்ப்பதில்லை.

எமது கரையில்

நாவலர் காலத்திலேயே எமது மேல்கரையிலும் இரு மொழிக்கும் பாலமானவர் ஒருவர் இருந்தார். கற்பிட்டியிற் பிறந்து, சிலாபத்திலே மாவட்ட நீதிபதியாயிருந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) அவர். தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்திலே தொகுத்து, தமிழ் புளூட்டார்க் என்னும் பெயரால் 1859 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். அவர் தமிழின் செல்வத்தை ஆங்கிலம் அறிந்தார்க்குக் காட்டினார். நாவலர் ஆங்கிலக் கல்வியின் கருவிகளைத் தமிழ் கற்போர்க்குக் கொண்டுவந்தார்.

அக்கருவிகள் எமது கரைக்குப் பெரிதும் வேண்டியவை. சிலாபந் தொடங்கி நீர்கொழும்பு ஈறாகவுள்ள ஊர்களிலே இருபதாம் நூற்றாண்டிலே பல தமிழ்க் குடும்பங்களின் வீட்டு மொழி சிங்களமாயிற்று. உடப்பு முதலிய சில ஊர்களிலே தமிழ் நிலைத்து நிற்கின்றது. ஏனைய இடங்களிலே தமிழைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வீட்டிலே நிறுத்தி ஒலித்துக்காட்டும் பாட்டனும் இல்லை, பாட்டியும் இல்லை. செவியால் வரவேண்டிய மொழி கண்ணால் வரவேண்டியிருக்கின்றது. அப்பிள்ளைக்குக் காற்புள்ளியும் ஒற்றெழுத்தும் அலங்காரமல்ல. கைபிடித்துச் செல்லும் துணை.

ஆதலால், தமிழோ ஆங்கிலமோ கற்கும் மாணாக்கன் எழுந்து, ஐயா, இங்கே ஏன் புள்ளி என்று கேட்பானாயின், ஆசிரியர் அவனை அமர்த்திவிடலாகாது. கரும்பலகையிலே வாக்கியத்தைப் புள்ளியோடும் புள்ளியின்றியும் எழுதி, இரண்டையும் அவனைக்கொண்டே வாசிப்பித்து, பொருள் வேறுபடுவதை அவனே சொல்லும்படி செய்தல் வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் செல்லும். நாவலர் அதற்காக ஓர் ஆயுளையே செலவிட்டார்.